பாலத்தில் நின்ற வண்டி

"இத நகத்தாம பாடைய உள்ள கொண்டார முடியாதுங்க."

வாசலில் யாரோ சொன்னது, புருஷன் நல்லதம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணுவின் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். மூங்கிலும் பச்சை ஓலையும் சுமந்து வந்தவர்கள் பங்குனி வெயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவே கொட்டகை. கொட்டகை கொள்ளாமல் மோட்டார் வண்டி.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் யாரிடம் கேட்டாலும் "வண்டிக்காரர் வீடா?" என்று கை காட்டுவார்கள். வண்டி ஓட்டித்தான் அந்தப் பெயர் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த வண்டி கொட்டகையை விட்டு ஓரடி வெளியே வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆள் நிழல் தெரிகிற நீலப் பெயின்ட். பித்தளை ஹாரன். பக்கங்களில் தேக்குப் பலகை. நாலு சக்கரத்தையும் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு, மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார் நல்லதம்பி. படுக்கையில் விழுவதற்கு முந்தின நாள் செய்த வேலை அது. வண்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். பாடை போக முடியாது.

"ரெண்டு ஜோடி மாட்டக் கட்டி இழுத்துப் போடுங்கய்யா. ஒடஞ்சா ஒடஞ்சு போவட்டும்" என்றான் மகன் அழகர்சாமி. அழுது அழுது அவன் குரல் கட்டியிருந்தது. "உசுரோட இருக்கையில அவர எங்ககிட்ட விடல. இப்பப் போறப்பவும் வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது பாரு."

சேதி கேட்டு முசிறியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த வீரம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். நல்லதம்பியின் அக்காள் அவள்.

"நான் அன்னிக்கே தலதலயா அடிச்சுக்கிட்டேன். மாட்டுக்கு வருஷத்துல ஒரு நா பொங்க வச்சா வருஷம் பூரா பால் கறக்கும். எந்தம்பி இதுக்கு வருஷம் பூரா பொங்க வச்சான். ஒரு நா, ஒரே ஒரு நா, ஒரு வாழத்தாரத் தூக்குச்சா இது?"

மூங்கில் சுமந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து இருமினான்.

"பாயக் கூட்டியா" என்றாள் வள்ளிக்கண்ணு.

விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, மெக்கானிக் பாய் பாலக்கரையில இருக்காரும்மா. போயி வரதுக்குள்ள..."

"உடைக்கக் கூடாது. பாயக் கூட்டியா."

அழகர்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

கழிகள் கொட்டகைக்கு வெளியே கிடத்தப்பட்டன. பறையடிக்க வந்தவர்கள் தெருவோரத்துப் புங்கமரத்தடியில் பீடி பற்றவைத்தார்கள். வள்ளிக்கண்ணு மறுபடியும் அவர் கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் லேசாகக் கூடியிருந்தன, எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல. அவள் நீவிவிட்டாள். நீவியதும் மறுபடியும் கூடின.

அந்தக் கை விடியற்காலையில் செய்த காரியத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

*

யுத்தம் முடிந்த சமயத்தில் பட்டாளத்தார் ஏலம் விட்ட வேன் அது. நல்லதம்பி அதை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோது பச்சை நிறத்தில், தவளை மாதிரி இருந்தது. விடிவதற்குள் மேலூர்த் தோப்புகளில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி காந்தி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். அப்போது அதற்கு அழகும் கிடையாது, பெயரும் கிடையாது. பின்பக்கம் எப்போதும் சருகு கிடக்கும். வாழைக் கறை பட்டுப் பட்டுப் பலகை கருத்திருக்கும். கலப்பை மாதிரி, மண்வெட்டி மாதிரி அதுவும் ஒன்று. சின்னவள் ரங்கநாயகிக்கு மட்டும் அது விளையாட்டுச் சாமான். வண்டி திரும்பிவரும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் முன்னால் ஏறி, அப்பா மடியில் உட்கார்ந்து ஹாரனை அமுக்குவாள்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்கன்று காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. தண்ணீரில் விளக்கு மிதக்கவிட வாழைப்பட்டை வேண்டும் என்றாள் வள்ளிக்கண்ணு. "நான் போயி உரிச்சுக்கிட்டு வரேம்மா" என்று குதித்துக்கொண்டு கிளம்பினாள் நாயகி. "தோப்புக்குள்ள தூரப் போகாத, ஓரத்துல எடு" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஓரத்தில்தான் எடுத்தாள் குழந்தை. பாம்பும் ஓரத்தில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வேனின் பின்பக்கம் பலகையில் வள்ளிக்கண்ணு உட்கார்ந்தாள். மடியில் நாயகி. "அம்மா, கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். அப்புறம், "அம்மா, அப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லு" என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்துக்கு முன்னால், மாம்பழச்சாலை திரும்பும்போது வண்டி ஒரு தூக்கு தூக்கிப்போட்டது. குழந்தையின் தலை அவள் முழங்கையிலிருந்து சரிந்தது. சரிந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூக்கில் விரல் வைத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை. பெற்ற மடிக்கு அது தெரியும்.

வாயைத் திறந்தாள். முன்னால் அவருடைய முதுகு தெரிந்தது. சட்டை முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, "ஒதுங்குங்க சாமி, ஒதுங்குங்க, எம்புள்ள, எம்புள்ள" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இன்னும் ஒரு மகள் உயிரோடிருந்தாள். அதை எப்படிப் பிடுங்குவது? பாலம் தாண்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பாலத்தின் நடுவில் வண்டி நின்றது.

அவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு எதையோ திருகினார், துடைத்தார், ஊதினார். சுற்றிலும் ஈரத்துணியோடு ஜனம். புது மஞ்சள் கயிறு கட்டிய கழுத்துகள். குழந்தைகள் சின்னச் சின்ன மரச் சப்பரங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு சப்பரம் வண்டியின் டயரில் முட்டிக் கவிழ்ந்தது. யார் யாரோ உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா புள்ளைக்கு?"

"தூங்குது" என்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்தி, ஓரத்தைச் செருகினாள்.

எவ்வளவு நேரம் அப்படி என்று அவளுக்குத் தெரியாது. கீழே காவிரி போய்க்கொண்டே இருந்தது. பிறகு யாரோ ஒரு ஜட்காக்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினார். டாக்டர் நாயகியின் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, தூக்கிய இடத்திலேயே மெதுவாக வைத்தார்.

வண்டி மட்டும் நிற்காமல் இருந்திருந்தால் என்று ஊர் சொன்னது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, வண்டிதான்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லைங்க, அதுக்கு முன்னாடியே போயிருச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டி இல்லையென்றால் வேறு எது? பட்டை உரிக்க அனுப்பியது யார்? அந்தக் கேள்வி வீட்டுக்குள் வரக்கூடாது என்று பயந்தாள். இன்னொரு நாள் சொல்லலாம் என்று விட்டாள். அந்த இன்னொரு நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

*

காரியம் முடிந்த கையோடு அவர் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

முதலில் எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஏன் நின்றது என்று பார்க்க வேண்டாமா? பிரித்தார், பூட்டினார். கிளப்பிக் காதைச் சாய்த்துக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி பிரித்தார். தார் ஏற்ற மாட்டு வண்டியும், பிறகு ஊரான் லாரியும் வந்தன. வருஷம் போகப் போக வேறு மாதிரி ஆனது. பழைய பலகையை எடுத்துவிட்டுத் தேக்கு போட்டார். உறையூரில் ஒரு பெயின்டரைப் பிடித்து நீலம் அடித்தார். அது பிடிக்காமல் சுரண்டிவிட்டு வேறு நீலம் தானே அடித்தார். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தார். வண்டி நனையக்கூடாது என்று வீட்டு வாசலை மறைத்துக் கொட்டகை போட்டார். வைகுண்ட ஏகாதசிக்கு வரும் வெளியூர்க்காரர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மிராசுதார் தன் மகள் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டார்.

"ஓடாதுங்க" என்றார் நல்லதம்பி.

"இப்பத்தானய்யா ஓடிக்கிட்டு இருந்துச்சு, சத்தம் கேட்டுதானே வந்தேன்?"

"சத்தம் வரும். ஓடாது."

வெறும் பொழுதுபோக்கு, கிறுக்கு என்று ஊர் முடிவுகட்டியது. அழகர்சாமி அப்பாவோடு பேசுவதையே குறைத்துக்கொண்டான். வள்ளிக்கண்ணுவும் பேசவில்லை. ஆனால் அவளுடைய மௌனம் வேறு.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் இஞ்சினைக் கிளப்புவார். அடுப்படியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். பானைத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். சுவரில் இருக்கிற கண்ணாடியும் நடுங்கும். நாயகி போன சில நாட்களில் அவரே மரச்சட்டம் போட்டு அங்கே அறைந்த கண்ணாடி அது. கையகலம்தான், ஆனால் நீளம். நெற்றியும் கண்ணும்தான் தெரியும். "என்னங்க இது, பாதி மூஞ்சிதானே தெரியுது" என்று கேட்டதற்கு, "பொட்டு வைக்க அவ்வளவு போதும்" என்றார்.

இஞ்சின் ஓடும்போது அவள் அதன் முன்னால் நிற்கப் பயப்படுவாள். நடுங்குகிற அந்தக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் சில நாள் எண்ணெய் வைத்து வகிடெடுத்த சின்னத் தலை ஒன்று தெரியும். பக்கத்தில் நின்றுகொண்டு அவளையே அண்ணாந்து பார்ப்பது மாதிரி. அவள் குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. தண்ணீர்ப்பானைதான் இருக்கும். இஞ்சின் நின்றதும் கண்ணாடி நின்றுவிடும். அவள் நெற்றி மட்டும் இருக்கும். இதை அவள் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் என்றாவது சாயங்காலம் சத்தம் கேட்காவிட்டால் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பாள்.

மாசியில் அவருக்கு நெஞ்சு வலி கண்டது. படுத்தவர் எழவில்லை. சத்தம் நின்றுபோன வீட்டில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த மனுஷன் வண்டிதான் பிள்ளையைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டே போகப் போகிறார். ஓட்டினவர் இவர், அப்படியானால் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு. அதைச் சுமந்துகொண்டு அவரை அனுப்புவது பாவம் என்று தினம் நினைத்தாள். தினம் கஞ்சியைக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டு எழுந்துவந்தாள்.

இன்று விடியற்காலை மூச்சு மாறியது. அப்போதுதான் குனிந்து காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"இந்தாங்க. வண்டி நின்னதுல புள்ள போவல. மாம்பழச்சாலையிலயே போயிருச்சு. எம்மடியிலதான் போச்சு. நான்தான் சொல்லல."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. வலது கை மட்டும் எழுந்தது. முகத்துக்கு மேலே காற்றில் போய், இரண்டு விரலால் எதையோ பிடித்தது. பிடித்து, மெதுவாக மேல்பக்கம் திருப்பியது. அப்புறம் மார்பில் விழுந்தது. அவ்வளவுதான்.

சாகிறவர்களின் கை காற்றைத் துழாவும் என்பார்கள். எமனின் கயிற்றைத் தள்ளிவிடுவது என்பார்கள். அதுதானா? அல்லது கேட்டுவிட்டுத்தான் கையைத் தூக்கினாரா? அவர் காதில் விழுந்ததா இல்லையா? விடிந்ததிலிருந்து அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட அதற்குப் பின்னால்தான் காத்துக்கொண்டு நின்றது.

*

ஜெகபர் அலி பாய் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. நல்லதம்பியின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். போர்வை விலகிக் கிடந்த பாதத்தை மூடிவிட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

"சாமானெல்லாம் சரியாத்தான் பூட்டியிருக்காரு. சக்கரத்தப் போட்டாப் போதும், தள்ளிரலாம். யாருப்பா, அந்த ஜாக்கிய எடு. டே, பாத்து. அது பித்தள, மிதிக்காத. அவரு எந்திரிச்சு வந்து ஒதைப்பாரு."

ஒவ்வொரு சக்கரமாக ஏறியது. கட்டைகளை உருவினார்கள். வண்டி மெல்ல மண்ணில் இறங்கி முனகியது. உள்ளேயிருந்து வாசல் வழியாக வள்ளிக்கண்ணுவுக்கு டிரைவர் சீட் தெரிந்தது.

"நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கறேன். நீங்க சொன்னாத் தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே பாய் ஏறி உட்கார்ந்தார். கியரைத் தளர்த்தினார். அப்புறம் அவருடைய கை, அவர் நினைக்காமலே, மேலே எழுந்தது. முகத்துக்கு மேலே காற்றில் போய், இரண்டு விரலால் எதையோ பிடித்துத் திருப்பப் பார்த்தது. விரல்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பாய் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கையை இறக்கினார்.

வள்ளிக்கண்ணு எழுந்தாள்.

"எங்கடி போற, தலமாட்ட விட்டுட்டு?" என்று வீரம்மாள் முந்தானையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டு படிக்கு வந்தாள்.

"பாய். இப்பக் கைய எங்க கொண்டுபோனீங்க?"

"என்னா தங்கச்சி?"

"கைய மேல கொண்டுபோனீங்களே."

"ஓ, அதுவா. பழக்கதோசம். சீட்டுல உக்காந்தா மொதல்ல கண்ணாடியத்தான் திருப்புவோம். பின்னால என்னா இருக்குன்னு தெரியணும்ல." மேலே காட்டினார். "இங்கதான் இருக்கணும். இவருதான் அத மாட்டவே இல்லயே. நானே புதுசு வாங்கியாந்து குடுத்தேன். வேணாம் பாய்ன்னுட்டாரு."

முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவில் இரண்டு திருகாணி ஓட்டைகள் இருந்தன. வண்டி முழுக்க நீலம். அந்த ஓட்டைகளைச் சுற்றி ஒரு வெற்றிலை அகலத்துக்கு மட்டும் பழைய பட்டாளத்துப் பச்சை அப்படியே விடப்பட்டிருந்தது.

"முன்னாடி இருந்துச்சா?"

"இருந்துச்சே. நீட்டமா, கையகலத்துக்கு. அன்னிக்குப் பாலத்துலேருந்து வண்டிய ஓட்டியாந்து வுட்டது நான்தானே. அப்ப இருந்துச்சு. ஆனா மேலாக்கத் திருப்பி வச்சிருந்துச்சு. பாத்தா கூரைதான் தெரிஞ்சுச்சு. யாரு கண்ணாடிய இப்படி வச்சு ஓட்டுவான்னு நெனச்சேன்."

வள்ளிக்கண்ணு ஒரு படி இறங்கினாள்.

"அன்னிக்கு வண்டிக்கு என்னா கோளாறு பாய்?"

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கந்தைத் துணியால் துடைத்தார். உள்ளே கிடப்பவரை ஒரு தரம் பார்த்தார்.

"சொல்லாதன்னு சொல்லியிருந்தாரு. இனிமே என்னா." குரலைத் தாழ்த்தினார். "கோளாறே இல்ல தங்கச்சி. பெட்ரோல் இருந்துச்சு, கரண்டு இருந்துச்சு. சுவிச்சு ஆஃப்ல இருந்துச்சு. அவ்வளவுதான். போட்டுட்டு ஒரு சுத்து சுத்துனேன், புடிச்சுக்கிச்சு. பயத்துல கை பட்டு அணைஞ்சுருக்கும், வெக்கப்படுறாருன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அப்பறம் பாத்தா பிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. நல்லாருக்குற இஞ்சின எதுக்குய்யா பிரிக்கிறேன்னு சண்டைகூடப் போட்டேன். 'நான் தேடறத நிறுத்துனா அவ தேட ஆரம்பிச்சுருவா பாய்' அப்படின்னாரு. எனக்கு வெளங்கல. இன்னிக்கு வரைக்கும் வெளங்கல."

வெளியே யாரோ, "தள்ளலாமா பாய்?" என்று கேட்டார்கள்.

"தள்ளுங்க. மெதுவா. பிஸ்மில்லா."

வண்டி நகர்ந்தது. கொட்டகைக் கால்களுக்கு நடுவே உரசாமல் வழுக்கி வெளியே போயிற்று. வெயில் பட்டதும் அந்த நீலம் சட்டென்று எரிந்தது. அதை முழுசாக வெளிச்சத்தில் யாரும் பார்த்ததில்லை. சாவைக்கூட மறந்து தெருவே கிட்டே வந்து பார்த்தது. அழகர்சாமி தள்ளிய கையை எடுக்காமல் தேக்குப் பலகையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"என்னமாப் பண்ணி வச்சிருக்காரு" என்றான் தனக்குள். அப்புறம் வண்டியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

*

பறை கொட்டியது. பாடை உள்ளே வந்தது.

நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டி முடித்தார்கள். பெண்கள் வள்ளிக்கண்ணுவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைசியாக ஒருமுறை அவளுக்குப் பூ வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட வேண்டும். வீரம்மாள் அழுதுகொண்டே கட்டளை போட்டாள்.

"பூவ நெறைய வையுங்கடி. எந்தம்பிக்கு அவ நெத்தி நெறைய இருந்தாத்தான் புடிக்கும். ஏ, யாராவது அந்தக் கண்ணாடிய எடுத்தாங்க."

அடுப்படியிலிருந்து யாரோ ஒருத்தி கண்ணாடியை ஆணியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து, வள்ளிக்கண்ணுவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். நீட்டமாக, கையகலத்துக்கு. நெற்றியும் கண்ணும். வள்ளிக்கண்ணு கையை நீட்டி அதை வாங்கினாள். வாங்கித் திருப்பினாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அதன் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. மரச்சட்டத்துக்குள் தகரம். தகரத்தின் நடுவில் அறுக்கப்பட்ட ஒரு இரும்புக் காம்பு. அதில் பச்சைப் பெயின்ட்.

அப்படியானால் பார்த்திருக்கிறார். பின்னால் தலை சரிந்ததை, அவள் வாயைத் திறந்ததை, மூடியதை. கண்ணாடியை மேலே திருப்பினார். சுவிட்சை அணைத்தார். இறங்கிப்போய் ஒன்றுமில்லாத இஞ்சினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம். அவள் மடியில் பிள்ளை தூங்குகிறபடிக்கு.

அன்று அவர் முதுகைப் பார்த்த கண்ணை அவள் இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் அந்தக் கண்ணாடியில் அவர் கண் தெரிந்திருக்கும். அவள் குனிந்துவிட்டாள்.

"என்னாடி அதப் புடிச்சுக்கிட்டு? நேரமாகுதுல்ல" என்று வீரம்மாள் பிடுங்கிக் கீழே வைத்தாள். குங்குமத்தைக் குழைத்து அகலமாக இட்டாள்.

அப்போதுதான் வள்ளிக்கண்ணுவுக்கு அழுகை வந்தது. வந்ததும் வீடே திரும்பிப் பார்க்கும்படி வந்தது. "அழட்டும், விடுங்க. காலையிலேருந்து கல்லு மாதிரி உக்காந்திருந்தா" என்றார்கள்.

பாடை படியிறங்கி, வண்டி நின்றிருந்த இடத்தின் வழியாகப் போயிற்று. கொட்டகைத் தரையில் எண்ணெய்க் கறை வட்டமாகக் கருத்துக் கிடந்தது. தூக்கியவர்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். கொள்ளிடக் கரைப் பக்கம் பறைச்சத்தம் தேய்ந்து மறைந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள். ஒவ்வொருவராகக் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். வள்ளிக்கண்ணுவுக்கும் ஊற்றினார்கள். குங்குமம் கரைந்து மூக்கில் வழிந்து போயிற்று. ஈரச்சேலையோடு அவள் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே உனக்கெதுக்குடி அது?" என்றாள் வீரம்மாள். கேட்டபிறகு கேட்டது அவளுக்கே என்னவோபோல் ஆகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி புங்கமரத்தடியில் நின்றது. பின்பக்கம் ஏறினாள். ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கால் வைக்கிற இடம் காலுக்குத் தெரிந்திருந்தது. பலகை வழவழவென்று இருந்தது. அன்று உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். எதிரே டிரைவர் சீட். அதற்கு மேலே சட்டத்தில் இருந்த இரண்டு ஓட்டைகள் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது.

கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி அதில் விழுந்தது.

"வள்ளி" என்று வாசலிலிருந்து வீரம்மாள் கூப்பிட்டாள். "ஈரத்தோட அங்க என்னடி பண்ற? மடியில என்ன வச்சிருக்க?"

வள்ளிக்கண்ணு முந்தானையை இழுத்து அதன்மேல் போர்த்தினாள். காற்றுப் படாமல், ஓரத்தைச் செருகினாள்.